மானிட்டர் எரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் அணைகிறது

"கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆகுது" என்று யாரிடம் சொன்னாலும் "எஸ்எம்பிஎஸ் மாத்திடு" என்றுதான் பதில் வரும். கேபினட்டுக்குள் இருந்து எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். என் மெஷினில் அப்படி இல்லை. அதைக் கண்டுபிடிப்பதற்குள் பட்ட பாடும், வழியில் தெரிந்துகொண்டதும் இதே தொல்லையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் எப்படி அணைகிறது என்று கவனியுங்கள். நீலத்திரை (விண்டோஸ் காட்டும் பிழைத் திரை) வந்து ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸுக்குக் கடைசியாக ஏதோ சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது, அப்போது ராம், டிரைவர், எஸ்எஸ்டி பக்கம் தேடலாம். திரை உறைந்து, மவுஸ் நகராமல், ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஃபேன், கேபினட் லைட், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பொசுக்கென்று ஒரே நொடியில் நின்று, நாமாகப் பட்டனை அழுத்தும்வரை அப்படியே கிடந்தால் பெரும்பாலும் மின்சாரம், சூடு, பவர் பட்டன் இந்த மூன்றில் ஒன்று. என்னுடையது இந்தக் கடைசி வகை.

மெஷின் பெரிய ராட்சசன் ஒன்றும் இல்லை. ரைசன் 5 5600 ப்ராசசர், ஒரு பி550 மதர்போர்டு, 16 ஜிபி ராம் ரெண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, திருச்சிக்குக் கொண்டுவந்து நானே அசெம்பிள் செய்தது. பகலில் எனக்கு வேறு வேலை, சாயங்காலத்துக்கு மேல் இதில் கல்யாண வீடியோ எடிட்டிங். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் உழைத்துவிட்டு, கோடை தொடங்கிய சமயத்தில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) பாதியில் அணைய ஆரம்பித்தது. சில நாள் ஒன்றும் ஆகாது. சில நாள் ஒரே ரெண்டரை மறுபடி மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கும், பெண் வீட்டுக்காரர் "எப்ப சார் தருவீங்க" என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பார்.

விண்டோஸில் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் லாகில் அணைந்த நேரத்தைத் தேடினால் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக ஒரு வரி இருக்கும். பெயரில் பவர் என்று இருப்பதால் பலரும் அந்த இடத்திலேயே எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அந்த வரி அணையும் நேரத்தில் எழுதப்படுவதே இல்லை. அடுத்த முறை ஆன் ஆகும்போது, "போன தடவை முறையாக மூடவில்லை" என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். காரணம் அதற்கே தெரியாது. ஆனால் அந்த வரியின் டீடெயில்ஸ் பகுதிக்குள் போனால் ரெண்டு உருப்படியான விஷயம் கிடைக்கும். பக்செக்கோடு 0 என்று இருந்தால், விண்டோஸ் எந்தப் பிழையையும் பதிவு செய்யவில்லை, பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கிறது. 0 இல்லாமல் வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது, நாம் பார்க்கவில்லை. இன்னொன்று பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப். அதில் 0 தவிர வேறு எண் இருந்தால் பவர் பட்டன் நாலு விநாடிக்கு மேல் அழுந்திய நிலையில் இருந்திருக்கிறது. சுற்றுமுற்றும் 1074 என்ற எண்ணில் வரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இருந்தால் ஏதோ ஒரு புரோகிராமோ அப்டேட்டோ முறையாகவே அணைத்திருக்கிறது, அது வேறு கதை. வீயா-லாகர் என்ற பெயரில் ஏதாவது இருந்தால் ப்ராசசர், ஓவர்கிளாக் (வேகத்தை ஏற்றி ஓட்டுவது), அண்டர்வோல்ட் (வோல்ட்டேஜைக் குறைத்து ஓட்டுவது) பக்கம் சந்தேகப்படலாம். லினக்ஸ்காரர்கள் முந்தைய பூட்டின் ஜர்னலைத் திறந்து கடைசி வரிகளைப் பார்த்தால் போதும். முறையான ஷட்டவுன் வரிகள் எதுவும் இல்லாமல் பாதியில் சட்டென்று நின்றிருந்தால், இதே கதைதான்.

என்னுடையதில் ரெண்டும் 0. வேறு ஒரு வரியும் இல்லை.

கோடை என்பதால் எனக்கு முதல் சந்தேகம் சூடுதான். திருச்சி வெயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது. அதில் சென்சார் அளவுகளை ஃபைலாக எழுத வைக்கலாம், ரெண்டு விநாடிக்கு ஒரு வரி. கம்ப்யூட்டர் அணைந்தாலும் அதுவரை எழுதியது ஃபைலில் இருக்கும். மறுபடி ஆன் செய்து கடைசி வரியைப் பார்த்தால், சாவதற்கு ஒரு கணம் முன்னால் என்ன நிலைமை என்று தெரிந்துவிடும். 5600-க்கு உச்ச அளவு 90 டிகிரி. என் கடைசி வரிகளில் ப்ராசசர் 70-களிலேயே நின்றிருந்தது. கார்டும் அப்படித்தான், பயப்படும்படி ஒன்றும் இல்லை. தவிர, இன்றைய ப்ராசசர்கள் சூடானதும் நேராக அணைந்துவிடுவதில்லை. முதலில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கப் பார்க்கும், அதையும் தாண்டினால்தான் அணையும். ஆக, சூட்டால் அணையும் மெஷின் அதற்கு முன்பு தவழும். என்னுடையது முழு வேகத்தில் ஓடும்போதே விழுந்தது. கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தாலோ, லிக்விட் கூலரின் பம்ப் நின்றுபோயிருந்தாலோ ஆன் செய்த சில விநாடியிலேயே சூடு ஏறும், அதையும் இதே ஃபைல் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து பவர் பட்டன். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் மலிவான கேபினட்டில் பட்டன் உள்ளே சிக்கிக்கொள்வது நடக்கிற காரியம்தான். நாலு விநாடி அழுத்தினால் கம்ப்யூட்டர் கட்டாயமாக அணைய வேண்டும் என்பது வடிவமைப்பிலேயே இருக்கிறது, அழுத்தியது விரலா, சிக்கிய பட்டனா, உரசிய வயரா என்று மதர்போர்டுக்குத் தெரியாது. மதர்போர்டிலிருந்து அந்த ரெண்டு முனை வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்துகொள்ளலாம். ஒரு வாரம் அப்படியே ஓட்டிப் பார்த்து அணையவில்லை என்றால் பட்டன்தான். ஒரு பைசா செலவில்லாத சோதனை. என் டைம்ஸ்டாம்ப் 0 என்பதால் இதில் பெரிய நம்பிக்கை இல்லை, இருந்தாலும் செய்து பார்த்தேன், அணைந்தது.

ராமில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. ராம் கெட்டால் நீலத்திரை, ஃபைல் பாழாவது, ரீஸ்டார்ட் என்று வேறு வகையில்தான் பெரும்பாலும் படுத்தும். ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆஃப் செய்து, இரவு படுக்கும்போது ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட விட்டேன். காலையில் பிழை எதுவும் இல்லை, சரி என்று எக்ஸ்எம்பி-யை மறுபடி ஆன் செய்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் எல்லோரும் சொன்ன எஸ்எம்பிஎஸ். வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 அதிகபட்சம் 170 வாட். 5600-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 76 வரை எடுக்கும். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாக 60 வைத்தாலும் 300-ஐச் சுற்றித்தான் வருகிறது. 550 வாட் தாராளம். வாட் போதாது என்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் என் பதில். ஆனால் வாட் போதும் என்பதாலேயே எஸ்எம்பிஎஸ் நல்ல நிலையில் இருக்கிறது என்று ஆகிவிடாது. மல்டிமீட்டர் வைத்து மஞ்சள் வயரில் 12 வோல்ட்டை அளந்தேன். 11.4-இலிருந்து 12.6 வரை இருக்கலாம் என்பது எஸ்எம்பிஎஸ்களுக்கான பொது விதிமுறையான ஏடிஎக்ஸ் கணக்கு. ரெண்டர் ஓடும்போதும் 12-க்கு மேல் அசையாமல் நின்றது. இப்போது வரும் எஸ்எம்பிஎஸ்களில் எல்லா வயரும் கறுப்பு, நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கனெக்டரின் பின் படத்தைப் பார்த்துக்கொண்டு அளக்க வேண்டும்.

ஒரு நண்பன் தன் மெஷினிலிருந்து 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, "எடுத்துட்டுப் போ மச்சான், ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்துரு" என்று தந்தான். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேபிள் கழற்றி மாட்டும் மாடுலர் வகை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸோடு அதன் கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். மதர்போர்டு பக்கம் எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரிதான், எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி இல்லை. பார்க்க ஒன்றாக இருக்கும், கச்சிதமாக உள்ளே போகும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வரும். சோம்பல்பட்டு பழைய சாட்டா கேபிளையே விட்டுவைத்து ஹார்ட் டிஸ்க்கை எரித்தவர்கள் நிறைய.

நண்பனின் எஸ்எம்பிஎஸ்ஸிலும் அணைந்தது. அவன் மெஷினில் போய் என்னுடையது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

சரி, மதர்போர்டுதான் என்று முடிவுகட்டி, கேபினட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். விடிய விடிய ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டியிருக்கிறார்கள். மறுநாள் போனால், "நல்லா ஓடுது சார், ஒரு தடவைகூட ஆஃப் ஆகல, வேணும்னா போர்டை மாத்திப் பார்க்கலாம்" என்றார்கள். நன்றாக ஓடும் போர்டை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் அன்றைக்கே அணைந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது, அவர்கள் சொன்னதுதான் அதுவரை எனக்குக் கிடைத்திருந்ததிலேயே நல்ல தடயம். அங்கே ஓடுகிறது, இங்கே அணைகிறது என்றால், கடைக்கு நான் கொண்டுபோகாதது எது? மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கேபிள், ஸ்பைக் பஸ்டர், அப்புறம் என் வீட்டுச் சுவர்.

யூஎஸ்பி சாமான்களை ஒதுக்குவது சுலபம். யூஎஸ்பி-யில் ஷார்ட் இருந்தால் பல மதர்போர்டுகள் ஆன் ஆகும்போதே "ஓவர் கரன்ட், 15 விநாடியில் அணையும்" என்று திரையில் எழுதிவிடும். முன்பக்க யூஎஸ்பி துளைக்குள் பின் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது சுவர்.

கரன்ட் பக்கம் நான் முன்பே போகாததற்குக் காரணம் மானிட்டர். கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஒரே ஸ்பைக் பஸ்டரில். கம்ப்யூட்டர் அணையும்போதெல்லாம் மானிட்டர் அணையாமல், "நோ சிக்னல்" என்று எழுத்தை மிதக்க விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரவுட்டர் லைட்டும் எரிந்துகொண்டிருக்கும். கரன்ட் போயிருந்தால் அதுவும்தானே போயிருக்க வேண்டும்? நான் கேட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் யோசித்தார்கள். இந்த யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு பெரிய கெபாசிட்டர் உண்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் அதில் சேர்ந்திருப்பதை வைத்து எஸ்எம்பிஎஸ் சமாளிக்கும். எவ்வளவு நேரம்? முழு லோடில் 16 மில்லி விநாடியாவது தாங்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் வழிகாட்டியில் நெடுங்காலம் இருந்த கணக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. அதாவது முழு லோடில் ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரே ஒரு சுற்று முழுதாகத் தவறினாலே உயிர் ஊசலாடும். பாதி லோடில் இருந்தால் ஏறக்குறைய ரெட்டிப்பு நேரம் தாங்கும், சும்மா டெஸ்க்டாப்பில் நின்றால் அதைவிடப் பல மடங்கு. மானிட்டருக்குள்ளும் இதே போல ஒரு பவர் சப்ளை, அதற்குள் ஒரு கெபாசிட்டர். ஆனால் மானிட்டர் எடுப்பது வெறும் 25, 30 வாட். ரவுட்டர் அதிலும் பாதிகூட இல்லை. அதனால் ரெண்டும் பத்தில் ஒரு விநாடி கரன்ட் அறுந்தாலும் கண் சிமிட்டாமல் தாண்டிவிடும், 300 வாட் இழுத்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் விழும். மானிட்டர் எரிகிறது என்பது கரன்ட் ஒழுங்காக வருகிறது என்பதற்குச் சாட்சியே இல்லை. ரெண்டரில் மட்டும் அணைவதும், சும்மா யூடியூப் பார்க்கும்போது அணையாததும் எனக்கு இதில்தான் பிடிபட்டது.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை புரோகிராம்) ஒரு செட்டிங் இருக்கிறது, ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ் என்பது மாதிரி ஒரு பெயரில். வழக்கமாக அது பவர் ஆஃப் என்று இருக்கும். அதைப் பவர் ஆன் என்று மாற்றி வைத்தேன். சுவரிலிருந்து கரன்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகும். சூட்டாலோ பட்டனாலோ அணைந்தால் அணைந்தபடியே கிடக்கும். மாற்றி வைத்த பிறகு அணைந்தவற்றில் சிலமுறை தானாக எழுந்துகொண்டது, சிலமுறை எழவில்லை. வெட்டு மிகச் சிறியதாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் தரும் மெயின் லைன் விழுந்தாலும், கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் மதர்போர்டுக்குப் போகும் ஸ்டாண்ட்பை மின்சாரம் அறாமல் இருந்துவிடும், அப்போது மதர்போர்டுக்கு கரன்ட் போனதே தெரியாது. அதனால் எழாமல் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, எழுந்தால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பலாம். இதோடு இன்னொன்றையும் பாருங்கள்: அணைந்தவுடன் பட்டனை அழுத்தினால் ஆன் ஆகிறதா, இல்லை எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் விட்ட பிறகுதான் ஆன் ஆகிறதா? ரெண்டாவது என்றால் எஸ்எம்பிஎஸ் தன்னையோ மற்றவற்றையோ காப்பாற்றிக்கொள்ளப் பூட்டிக்கொண்டிருக்கிறது, ஷார்ட்டோ அளவுக்கு மீறிய இழுப்போ உள்ளே இருக்கிறது.

கம்ப்யூட்டரை ஹாலுக்குத் தூக்கிப் போய் அங்கே உள்ள பிளக் பாயின்ட்டில் மாட்டி ஒரு முழு கல்யாணத்தை ரெண்டர் செய்தேன். மழமழவென்று முடிந்தது. அப்புறம் மல்டிமீட்டரை ஏசி-யில் வைத்து அளந்ததில், ரெண்டர் ஓடும்போது ஹாலில் 224 வோல்ட். கம்ப்யூட்டரை அறைக்கே திரும்பக் கொண்டுவந்து, அதே ஸ்பைக் பஸ்டரின் காலித் துளையில் அளந்தால், சும்மா இருக்கும்போது 223, ரெண்டர் தொடங்கியதும் 217. மல்டிமீட்டர் மெதுவானது, மில்லி விநாடி வெட்டெல்லாம் அதில் தெரியவே தெரியாது, ஆனால் இந்த 6 வோல்ட் இறக்கம் தெரியும். கம்ப்யூட்டர் சுவரிலிருந்து எடுப்பது சுமார் ஒன்றரை ஆம்பியர். 6 வோல்ட்டை அதோடு பெருக்கினால் 9 வாட். அந்த 9 வாட்டும் சுவருக்குள் எங்கோ ஒரு சின்ன இணைப்பில் சூடாக இறங்கிக்கொண்டிருக்கிறது. சாலிடரிங் அயர்னை யோசித்துக்கொள்ளுங்கள், சின்னது 25 வாட்தான். (230 வோல்ட்டில் கை வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த அளவை எலெக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுவது நல்லது.)

எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து முதலில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. "டெஸ்டர் நானும் வெச்சுப் பார்த்தேண்ணே, நல்லாத்தான் எரியுது" என்றேன். "தம்பி, டெஸ்டர் எரிஞ்சா பேஸ் வருதுன்னுதான் அர்த்தம். நியூட்ரல் இருக்கா செத்துருச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பேஸ் கரன்ட் வரும் வயர், நியூட்ரல் அது திரும்பிப் போகும் வயர். போய் மெயினை ஆஃப் செய்தார். போர்டில் உள்ள ஸ்விட்ச் பேஸை மட்டும்தான் நிறுத்தும், அதை நம்பி உள்ளே கை விடக்கூடாது என்று அதையும் சொல்லிக்கொண்டே போர்டைக் கழற்றினார்.

சாக்கெட்டின் பின்பக்கம், நியூட்ரல் ஸ்க்ரூ இருந்த மூலையில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி ஓரம் சுருங்கியிருந்தது. கறுப்பு வயரின் இன்சுலேஷன் நுனியில் விறைத்துப்போய், விரலால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்பு இழைகளில் பாதி கருகிப்போய் மீதி இழைகள் மட்டும் ஸ்க்ரூவுக்கடியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தன. சிவப்பு வயர் பக்கம் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. மீன் செதில் கருகின மாதிரி ஒரு நாற்றம். மேசைக்குப் பின்னால் இத்தனை நாள் இது வெந்துகொண்டிருந்திருக்கிறது, கம்ப்யூட்டர் அணைந்து தொல்லை கொடுத்ததால் கண்டுபிடித்தோம். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

ஏன் இஷ்டத்துக்கு அணைந்தது என்பதும் இதில் விளங்கிவிடும். இணைப்பு தளர்ந்திருந்தால் தடை அதிகம், லோடு ஏறினால் அங்கே சூடு, சூட்டில் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும், அப்படி விரிந்து சுருங்கியே மேலும் தளரும். தொட்டுக்கொண்டிருக்கும் இழை ஒரு கணம் விலகினால் குட்டியாக ஒரு பொறி, அந்தக் கணம் நியூட்ரல் இல்லை. ஃபேனும் லைட்டும் அதே போர்டில் இருந்தாலும் அவற்றின் நியூட்ரல் இந்த ஸ்க்ரூ வழியாகப் போகவில்லை, அதனால் அவை துளி சிமிட்டவும் இல்லை. கருகிய நீளத்தை வெட்டி எறிந்து, நல்ல செம்பு வரும்வரை சீவி, இழைகளை முறுக்கி, மடித்து, புது சாக்கெட்டில் இறுக்கினார். அளந்தால் லோடில் 222-க்குக் கீழே போகவில்லை. அதற்குப் பிறகு ரெண்டர் பாதியில் அணையவில்லை.

போர்டு திறந்திருக்கும்போதே எர்த்தையும் பார்க்கச் சொன்னேன். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய முழு வோல்ட்டேஜும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டும் காட்டினால் சரி. எர்த் இல்லாத வீட்டில் கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்டால் சுள்ளென்று லேசாக ஊறும், அது எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனதால் அல்ல. உள்ளே வரும் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெபாசிட்டர்கள் எர்த்தை நம்பித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன, எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு கேபினட்டிலேயே நிற்கும். ஸ்பைக் பஸ்டர் செய்யும் பாதுகாப்பிலும் எர்த் இல்லாவிட்டால் பாதி போச்சு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி ஓட்டுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். ஸ்பைக் பஸ்டர் வோல்ட்டேஜை ஏற்றி இறக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடையில் சிலர் அப்படிச் சொல்லி விற்கிறார்கள்.

லோ வோல்ட்டேஜ் தனிப் பிரச்சினை. எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு லேபிளில் இன்புட் என்ற வரியைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் கவலையில்லை. மலிவு விலையில் வருபவை பலவற்றில் 200-240 என்றுதான் இருக்கும். கோடையில் எல்லா வீட்டு ஏசி-யும் ஓடும் ராத்திரியில் 180-க்கு இறங்கும் லைன்கள் நம் ஊரில் உண்டு. அங்கே 200-240 எஸ்எம்பிஎஸ் லோடு ஏறியதும் அணைவது அதன் குற்றமில்லை. இதற்கு ஸ்டெபிலைசர் வாங்கி வைப்பவர்கள், ரிலே வகை என்றால் ஒவ்வொரு முறை டிக்கென்று படி மாறும்போதும் ஒரு நொடிப்பொழுது வெட்டு வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழு வீச்சு எஸ்எம்பிஎஸ் வாங்குவது அதைவிட மேல்.

என் மெஷினில் சுவர் என்றால் எல்லா மெஷினிலும் சுவர் என்று சொல்ல வரவில்லை. கேம் ஆடும்போது மட்டும் அணைகிறது, சுவர் மாற்றியும் அணைகிறது என்றால், கார்டின் பவர் லிமிட்டை ஆஃப்டர்பர்னர் என்ற புரோகிராமில் 70 சதவீதத்துக்குக் குறைத்து ஆடிப் பாருங்கள். நின்றுவிட்டால் கார்டு ஒரு கணம் இழுக்கும் பெரிய இழுப்பை எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை. பெரிய கார்டுகள் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்குத் தங்கள் கணக்கைப் போல ரெண்டு மூன்று மடங்கு வரை இழுக்கும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0-இல் இதற்கென்றே தனி விதி வைத்தார்கள். கார்டில் ரெண்டு 8 பின் துளை இருந்தால், ஒரே கேபிளில் தொங்கும் ரெண்டு தலையை மாட்டாமல் ரெண்டு தனிக் கேபிள் மாட்டுங்கள். ப்ராசசருக்குப் போகும் 8 பின் கனெக்டர் மதர்போர்டின் மேல் மூலையில், கை நுழையாத இடத்தில் இருக்கும். கிளிக் சத்தம் வரும்வரை அழுந்தாமல் பாதியில் நிற்பது அதுதான் அதிகம். மதர்போர்டுக்குப் பின்னால் துளை இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (மதர்போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) மிஞ்சி நின்றாலும் ஷார்ட்தான். இதற்கு நேர்மாறாக, வேலை செய்யும்போது நன்றாக ஓடி, சும்மா விட்டுவிட்டுப் போனால் அணையும் அல்லது உறையும் ரைசன் மெஷின் என்றால், பயாஸில் பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல் என்பதை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றிப் பாருங்கள். ப்ராசசர் தூங்கும்போது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அவ்வளவு குறைவான இழுப்பில் ஒழுங்காக நிற்கத் தெரியாது.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, முன்பு அணைந்த அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். நான் ஒரே ரெண்டரைத்தான் கடைசிவரை வைத்திருந்தேன், அந்த மாப்பிள்ளை தாலி கட்டுவதை அவர் வீட்டாரைவிட நான்தான் அதிக முறை பார்த்திருப்பேன்.

யூபிஎஸ் இருந்திருந்தால் இந்த வெட்டெல்லாம் தெரியாமலே போயிருக்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், சாக்கெட் கருகுவதும் தெரியாமலே போயிருக்கும். ஆனாலும் இப்போது ஒன்று வாங்கியிருக்கிறேன். கடைகளில் அதிகம் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் உண்மையில் 360 வாட்தான். சுவரில் 350 வாட் எடுக்கும் என் மெஷினும் மானிட்டரும் சேர்ந்தால் அதற்கு மூச்சு முட்டும், அதனால் 1100 விஏ எடுத்தேன். உள்ளே இருக்கும் பேட்டரி ரெண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். தளர்ந்த பேட்டரியோடு இருக்கும் யூபிஎஸ், சின்ன வெட்டு வந்தாலும் பேட்டரிக்கு மாறப் போய்த் தானும் விழுந்து கம்ப்யூட்டரையும் இழுத்துக்கொண்டு போகும். யூபிஎஸ் வைத்திருந்தும் அணைகிறதே என்பவர்கள் அதை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் ஓட்டிப் பார்க்கலாம். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் கம்ப்யூட்டர் இருந்தால், இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், சிலவற்றில் நார்மலுக்குப் பதில் ஈகோ என்று இருக்கும். நார்மலில் லோ வோல்ட்டேஜையும் சகித்துக்கொண்டு ஓடும், ஆனால் கரன்ட் போனால் மாறுவதற்கு நேரம் அதிகம் எடுக்கும். ஃபேனும் லைட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளும், கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் மோடுதான்.